மூன்றாவது குழாய்

கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ மாவட்டத்தில் கொலிங்கா என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. ரயில் என்ஜினுக்குக் கரி ஏற்றும் நிறுத்தமாகப் பிறந்து, எண்ணெய் கிடைத்த பிறகு பெருத்த ஊர். எண்ணெய் கிடைத்த பூமியில் வாயில் வைக்கும்படியான தண்ணீர் மட்டும் கிடைக்கவில்லை. கிணற்றில் ஊறியது லிட்டருக்கு 2 கிராம் அளவுக்கு உப்பு கரைந்த தண்ணீர். அதிலும் பெரும்பங்கு சல்பேட் உப்பு, குடித்தால் வயிற்றைக் கலக்கிவிடும். அதனால் குடிதண்ணீர் ரயிலில் வந்தது. அந்த ஊர் வீடுகளில் வெந்நீருக்கு ஒரு குழாய், புழங்கும் தண்ணீருக்கு ஒன்று, குடிக்க மூன்றாவதாக ஒன்று. மூன்றாவது குழாயில் வந்தது ரயில் தண்ணீர். ஆயிரம் காலனுக்கு 7 டாலருக்குக் குறையாத விலை.

1959-ல் அந்த ஏற்பாடு மாறியது. ஐயானிக்ஸ் என்ற நிறுவனம் ஊரில் ஓர் இயந்திரத்தை நிறுவி, அதே உப்புக் கிணற்றிலிருந்து நாளுக்கு 28,000 காலன், நம் கணக்கில் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல், நல்ல தண்ணீர் எடுத்துக் கொடுத்தது. காய்ச்சி வடிக்கவில்லை, அழுத்திப் பிழியவும் இல்லை. தண்ணீருக்குள் நேர்மின்சாரத்தைச் செலுத்தி உப்பை மட்டும் ஒதுக்கியது. செலவு ஆயிரம் காலனுக்கு ஒன்றரை டாலரை ஒட்டி வந்தது. அமெரிக்காவில் ஒரு நகராட்சி உவர்நீரை இப்படிக் குடிநீராக்கியது அதுவே முதல் முறை.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமா முடித்து, வேலை பார்த்த காலம் முழுவதும் ஊர் ஊராகப் போய் ஆர்.ஓ. பிளான்ட்டுகளைக் கழற்றி மாட்டியவன். உப்புத் தண்ணீர் என்றால் ஆர்.ஓ., ஆர்.ஓ. என்றால் உப்புத் தண்ணீர் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு முன்னால் வேறொரு வழி இருந்தது, அது வேலையும் செய்தது என்பதை ஓய்வுபெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கொலிங்கா கதையில் எனக்குப் பிடிப்பு வந்த காரணம் அதுதான். எங்கள் பக்கத்துக் கிணறுகளும் பாதிக்குப் பாதி அதே ரகம். கடல்நீர் அளவுக்கு உப்பில்லை, குடிக்கிற அளவுக்கு நல்லதுமில்லை.

பாடப்புத்தகத் தமிழில் இந்த முறைக்கு மின்னாற் கூழ்மப்பிரிப்பு என்று பெயர். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம் என்பதால் எலக்ட்ரோடயாலிசிஸ் என்றே எழுதுகிறேன். இதன் வேர் தண்ணீரில் இல்லை, சர்க்கரையில் இருக்கிறது. 1890-ல் மைக்ரோ, சபாதே என்ற இருவர் சர்க்கரைப் பாகில் கலந்திருக்கும் உப்பை மின்சாரத்தால் இழுக்கப் பார்த்தார்கள். டைனமோ புதிதாக வந்த காலம், எதைக் கண்டாலும் அதில் கரண்ட் விட்டுப் பார்க்கும் ஆசை இருந்திருக்கும். பெர்மாங்கனேட் ஏற்றிய காகிதம்தான் அவர்களுக்குச் சவ்வு. கரைந்த உப்பு தண்ணீரில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. சோடியம் போன்றவை நேர்மின் அயனிகள், குளோரைடும் சல்பேட்டும் எதிர்மின் அயனிகள். இரு பக்கமும் மின்வாய் வைத்தால் ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் நகரும். நடுவில் தடுப்பு வைத்துவிட்டால் நடு அறையில் உப்பு குறையும்.

கேட்க எளிது. ஆனால் மின்வாயில் நடக்கும் வேலை மின்சாரத்தைத் தின்றுவிடும். அங்கே தண்ணீரே உடைந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குளோரினும் வெளிவரும். அதற்கு மட்டும் 2 வோல்ட்டாவது போகும், அதனால் ஓர் உப்பும் நீங்காது. மூன்றே அறை உள்ள கருவி என்றால் கொடுத்ததில் பெரும்பகுதி இந்தத் தண்டச் செலவு. பாகுக்குக் கட்டுப்படியாகலாம், குடிதண்ணீருக்கு ஆகாது.

இந்த முடிச்சை 1940-ல் அவிழ்த்தவர்கள் மெயர், ஸ்ட்ராஸ் என்ற இருவர். அவர்கள் யோசனையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. மின்வாய் இரண்டே போதும், நடுவில் அறைகளை மட்டும் பெருக்கு என்றார்கள். நேர்மின் அயனியை மட்டும் விடும் சவ்வு ஒன்று, எதிர்மின் அயனியை மட்டும் விடும் சவ்வு ஒன்று, மறுபடி அது, மறுபடி இது என்று மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே போக வேண்டும். கரண்ட் கொடுத்ததும் ஓர் அறையில் உப்பு வெளியேறும், அடுத்த அறையில் சேரும், அதற்கடுத்ததில் வெளியேறும். நூறு சோடி அறை இருந்தால், ஒரே கரண்ட் நூறையும் கடந்து போகிறது, நூறு அறையிலும் வேலை நடக்கிறது. மின்வாயில் தொலையும் 2 வோல்ட்டை நூறு பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். உவர்நீருக்கு மின்சாரம் கட்டுப்படியாகும் என்ற பேச்சு அங்கே ஆரம்பித்தது.

அடுக்கு தயார், அடுக்க உருப்படியான சவ்வு இல்லை. அதற்கு இன்னும் பத்து வருடம் ஆனது. 1950-ல் வால்டர் ஜூடாவும் வெய்ன் மக்ரேயும் அயனிப் பரிமாற்றப் பிசினைத் தகடாக வார்க்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். வாட்டர் சாஃப்ட்னருக்குள் மணி மணியாகக் கிடக்குமே, அந்தப் பிசினேதான், வடிவம் மட்டும் தகடு. கிழியாது, கரண்டுக்கு அதிகம் தடையாகவும் நிற்காது. அவர்கள் இருந்த நிறுவனம்தான் மாசசூசெட்ஸில் 1948-ல் தொடங்கிய ஐயானிக்ஸ். முதல் பெரிய வாடிக்கை 1950-களின் நடுவில் சவூதி அரேபியாவில், எண்ணெய்க் கம்பெனிக்கு. தண்ணீர் இல்லாத இடத்தில் எண்ணெய் எடுக்கப் போனவர்கள்தான் இந்தத் தொழிலை வளர்த்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

கொலிங்காவுக்குப் பின் வேகம் பிடித்தது. 1952-ல் சட்டம் போட்டு அமெரிக்க அரசு தொடங்கியிருந்த உவர்நீர் அலுவலகம் தெற்கு டகோட்டாவில் வெப்ஸ்டர் என்ற ஊரில் நாளுக்கு 2,50,000 காலன் இயந்திரம் வைத்தது. 1962-ல் அரிசோனாவின் பக்ஐ நகரம் 6,50,000 காலன் இயந்திரம் வாங்கியது. அங்கே மூன்றாவது குழாய் எல்லாம் கிடையாது. குடிக்க, குளிக்க, துணி துவைக்க என்று ஊருக்கு மொத்தமும் அதே தண்ணீர்தான்.

இப்போது நம்மவர் ஒருவர் கதைக்குள் வருகிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும் சீனிவாச சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டி செல்லுலோஸ் அசிடேட்டில் ஒரு சவ்வு செய்தார்கள். சௌரிராஜன் என்பது திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர். உலகத்துப் பாடநூல்களில் லோப்–சௌரிராஜன் சவ்வு என்று அந்தப் பெயர் அச்சாகியிருப்பதைப் பார்த்தபோது எனக்கு ஒரு பெருமிதம் வந்தது, மறைப்பானேன். அந்தச் சவ்வின் மேல்தோல் மெல்லியது, அடியில் பஞ்சுபோன்ற தடிமன். அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் மட்டும் கடந்துவரும், அதுவும் முன்பு இருந்த சவ்வுகளைவிடப் பல மடங்கு வேகத்தில். ஆர்.ஓ. என்ற தொழில் அங்கே பிறந்தது. சௌரிராஜன் 1961-ல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய்விட்டார். லோப் அந்தச் சவ்வைக் குழாய் வடிவத்தில் செய்து, முதல் ஊர்க் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரத்தை 1965 ஜூனில் ஓட விட்டார். நாளுக்கு 5,000 காலன். எந்த ஊர் தெரியுமா? அதே கொலிங்கா.

மின்சாரம் ஆறு வருடம் முன்னால் வந்து உட்கார்ந்திருந்த ஊரிலேயே அதன் பங்காளியும் வந்து சேர்ந்தான். பிறகு நடந்தது நமக்குத் தெரியும். இன்று நம் தெருமுனையில், மளிகைக் கடை வாசலில், அடுப்படிச் சுவரில் ஆர்.ஓ. தொங்குகிறது. எலக்ட்ரோடயாலிசிஸ் என்ற பேரைக் கேட்டவர் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

ஆர்.ஓ. ஜெயித்ததில் நியாயமும் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் இழுப்பது அயனிகளை மட்டுமே. கிருமி, பூச்சிமருந்து, சிலிக்கா இவற்றுக்கு மின்னேற்றம் கிடையாது அல்லது பெயருக்குத்தான் உண்டு. அவை இருந்த இடத்திலேயே இருக்கும், தனியாக வடிகட்டியோ குளோரினோ புற ஊதா விளக்கோ வைத்தாக வேண்டும். ஆர்.ஓ. சவ்வு பெரும்பாலானதை ஒரே மூச்சில் நிறுத்திவிடுகிறது. அடுத்தது கடல். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அவ்வளவையும் அயனி அயனியாக இழுத்தால் மின்கட்டணம் தாங்காது. அரபு நாடுகளுக்கும் பெரிய நகரங்களுக்கும் வேண்டியது கடல்நீர் இயந்திரம், பணம் அங்கே போனது, ஆராய்ச்சியும் அங்கே போனது. 1970-களின் கடைசியில் ஜான் கேடட் செய்த மெல்லேடு சவ்வு வந்த பிறகு ஆர்.ஓ. சவ்வு உலகமெங்கும் ஒரே அளவுச் சுருளாக, எந்தக் கம்பெனி உறையிலும் எந்தக் கம்பெனிச் சவ்வும் நுழையும்படி ஆகிவிட்டது. எலக்ட்ரோடயாலிசிஸ் அடுக்கோ அதைச் செய்தவனிடமே திரும்பிப் போய்த்தான் வாங்க வேண்டும். ஐயானிக்ஸையே 2005-ல் ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கிக்கொண்டது.

ஆனால் எங்கள் கிணறு கடல் இல்லையே. என் வாதம் முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது.

அரிசியில் பத்துக் கல் கிடந்தால் கல்லைத்தானே பொறுக்குவோம், அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேறு முறத்தில் போட மாட்டோமே. லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள தண்ணீரை ஆர்.ஓ.வில் விடுகிறபோது நாம் அரிசியைத்தான் பொறுக்குகிறோம். உப்பு கொஞ்சமோ நிறையவோ, குடிக்கப்போகும் தண்ணீர் மொத்தமும் அந்தச் சவ்வின் வழியே பிழியப்பட்டாக வேண்டும். எலக்ட்ரோடயாலிசிஸில் செலவு, நீக்கும் உப்பின் அளவைப் பொறுத்தது.

கணக்குப் போட்டே பார்க்கலாம், டிப்ளமாக் கணக்குதான். 2 கிராமை அரை கிராமாக்க லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு போக வேண்டும், ஆயிரம் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ. சோற்றுப்பு என்று வைத்துக்கொண்டால் 58.5 கிராமுக்கு 96,485 கூலும் மின்னூட்டம் தேவை. ஃபாரடே சொன்ன கணக்கு. ஒரு சோடி அறைக்கு அரை வோல்ட் போகிறது என்று எடுத்தால் மூன்றில் ஒரு யூனிட் சொச்சம் வருகிறது. பம்பு, கசிவு, மின்வாய் நட்டம் எல்லாம் சேர்த்து முக்கால் யூனிட் என்றே தாராளமாக வைப்போம். நான் கவனித்த பஞ்சாயத்து ஆர்.ஓ.க்களில் மணிக்கு 500 லிட்டருக்கு 2 எச்.பி. மோட்டார் ஓடியது. ஆயிரம் லிட்டருக்கு 3 யூனிட் ஆகிவிடும். இதே கணக்கைக் கடல்நீருக்குப் போட்டால் தலைகீழ். அங்கே மின்முறைக்கு 8 யூனிட்டுக்கு மேல் போகும், இன்றைய பெரிய ஆர்.ஓ. நிலையம் மூன்று நான்கில் முடித்துவிடும். சண்டை எந்த முறை உசத்தி என்பதில் இல்லை, கிணற்றில் எவ்வளவு உப்பு என்பதில் இருக்கிறது.

யூனிட்டைக்கூட விட்டுவிடலாம், வீணாகும் தண்ணீரைத்தான் என்னால் விட முடியவில்லை. சிறிய ஆர்.ஓ.வில் உள்ளே போகும் தண்ணீரில் பாதி நல்ல தண்ணீராக வந்தாலே அன்று நல்ல நாள். மீதி ரிஜெக்ட் குழாயில் போகும். ஒரு கிராமத்தில் அந்தக் குழாயை நேரே ஊரணிக் கரைக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். குழாய் விழும் இடத்தில் மண் வெள்ளையாகப் பூத்து, மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். வேம்பு இரண்டு கருகிப்போய் நிற்க, சீமைக் கருவேலம் மட்டும் செழித்துக் கிடந்தது. பிளான்ட்டுக்குள் நிலைமை அதைவிட மோசம். படிவு தடுக்கும் மருந்து தீர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது, டிரம்மை மழைநீர் பிடிக்க எடுத்துப் போயிருந்தார்கள். சவ்வுச் சுருளை உறையிலிருந்து உருவ முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்து, பிளேடால் கீறி விரித்துப் பார்த்தால் உள்ளே மணல்காகிதம். கால்சியம் படிந்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. புதுச் சுருளுக்கு எழுதிப் போட்டோம். பணம் வரவில்லை, ஊர்ப் பெண்கள் பழையபடி ஊற்றுக்குப் போய்ச் சிரட்டையால் மோந்து குடத்தை நிரப்பினார்கள்.

இந்தப் படிவுப் பிரச்சினைக்கு 1970-களின் தொடக்கத்திலேயே ஐயானிக்ஸ்காரர்கள் ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். கால் மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தரம் நேர் எதிர் இரண்டையும் மாற்றிவிடுவது. உப்பு விட்டுக்கொண்டிருந்த அறை உப்பு சேர்க்கும் அறையாகும், சேர்த்துக்கொண்டிருந்தது விடும் அறையாகும். சவ்வின் ஒரு முகத்தில் ஒட்டத் தொடங்கிய படிவு, திசை மாறியதும் கரைந்து ஓடிவிடும். மருந்து டிரம்மும் பெருமளவு தேவைப்படாது. தண்ணீரில் 80, 90 சதவீதம்வரை நல்லதாகத் திரும்பக் கிடைக்கும். பார்சிலோனாவுக்கு அருகே அப்ரேராவில் 2009 முதல் லொப்ரெகாத் ஆற்றுத் தண்ணீருக்கு நாளுக்கு 20 கோடி லிட்டர் அளவுக்கு இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரர் இன்னும் கெட்டிக்காரர். உப்பு சேரும் அறையையே காசாக்கி, 1970-களின் தொடக்கம் முதல் தங்கள் சமையல் உப்பை இந்த முறையில் கடல்நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். தூத்துக்குடி அளம் மாதிரி வெயிலுக்குக் காத்திருக்க அவர்கள் நாட்டு மழை விடாது.

நம் நாட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். குஜராத்தின் பாவ்நகரில் 1954-ல் நேரு திறந்துவைத்த மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்தச் சவ்வுகளைச் சொந்தமாகவே செய்யப் பழகியது. மண்டபத்தில் கடற்பாசி ஆராய்ச்சி நடக்கிறதே, அதுவும் இந்த நிறுவனத்தின் கிளைதான். பாசி ராமநாதபுரத்துக்கு வந்தது, சவ்வு வரவில்லை. எங்களுக்கு வந்தவை ஆர்.ஓ.க்கள். 1990-களின் இறுதியில் நரிப்பையூரில் அமைத்த நாளுக்கு 38 லட்சம் லிட்டர் நிலையமும் ஆர்.ஓ.தான். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழுவிலிருந்து முளைத்த ஒரு நிறுவனம், கார்பன் மின்வாய்களே உப்பை உறிஞ்சிக்கொள்ளும் இன்னொரு மின்முறையை விற்கிறது. அதன் மூலயோசனையும் 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் பிறந்ததுதான்.

2014-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நடாஷா ரைட், ஏமஸ் வின்டர் என்ற இருவர் இந்தியக் கிராமங்களை நேரில் பார்த்துவிட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள தண்ணீரில் எலக்ட்ரோடயாலிசிஸுக்கு ஆர்.ஓ.வைவிட 75 சதவீதம் குறைவான மின்சாரம் போதும், 3 கிராம் என்றால் 30 சதவீதம் குறைவு, 5 கிராமைத் தாண்டினால் அந்த லாபம் கிடையாது என்பது அவர்கள் கணக்கு. மின்சாரம் குறைந்தால் சோலார் பலகையும் குறையும், கரண்ட் நிலையில்லாத ஊருக்கு அதுதான் முதல் செலவு. மறு வருடம் அமெரிக்க அரசு நடத்திய போட்டியில் ஜல்கானின் ஜெயின் இரிகேஷனோடு சேர்ந்து அவர்கள் முதல் பரிசு வாங்கினார்கள். போட்டி நடந்த நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில், வின்டரின் குழு பின்னாளில் பேட்டரியே பெரிதாக இல்லாமல், மேகம் வந்தால் கரண்டைக் குறைத்தும் வெயில் அடித்தால் கூட்டியும் ஓடும் இயந்திரத்தை ஆறு மாதம் ஓட்டிக் காட்டியது. நாளுக்கு 5,000 லிட்டர்வரை கொடுத்தது. ஒரு கிராமத்தின் குடிதண்ணீர் அது.

கொலிங்கா என்ன ஆனது? 1970-களின் தொடக்கத்தில் அரசின் கால்வாய்த் தண்ணீர் ஊருக்கு வந்தது, உப்பு நீக்கும் இயந்திரத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. எங்கள் மாவட்டத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்ததும் பஞ்சாயத்து ஆர்.ஓ. கொட்டகைகளில் விறகு அடுக்கினார்கள், அதே மாதிரி. 2022 வறட்சியில் கால்வாய்ப் பங்கை வெட்டியதும் கொலிங்காவில் நவம்பரோடு தண்ணீர் தீரும் என்ற நிலை. வெளிச்சந்தையில் கொள்ளை விலைக்கு வாங்கித்தான் சமாளித்தார்கள். காவிரி வராத வாரங்களில் குடம் 10, 15 என்று வாங்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் ஊருக்கு அடுத்த உப்பு நீக்கும் இயந்திரம் வரும்போது, கிராமசபையில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு, ரிஜெக்ட் எங்கே போகும், ஐந்தாம் வருடம் சவ்வு மாற்றப் பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது. உப்பு லிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே என்றால், ஆர்.ஓ.வுக்கு மட்டும் டெண்டர் விடாமல் எலக்ட்ரோடயாலிசிஸுக்கும் விலைப்புள்ளி கேட்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். தீர்மான நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு டெண்டரில் ஏறாது.